கமராவுக்குள் ஒரு தூக்குக்குண்டு

பேராதனைத் தாவரவியல் பூங்காவில் குக் பைன் மரங்கள் இருபுறமும் நிற்கும் ஒரு சாலை உண்டு. கண்டிக்கு வருகிறவர்கள் தவறாமல் படம் எடுக்கும் இடம். அந்த வரிசையில் நேராக நிற்கும் மரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒன்று பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், அடுத்தது வளைந்து போய் மேலே நிமிர்ந்திருக்கும். எடுத்த படத்தை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பவர், கை சரிந்துவிட்டது என்று எண்ணிக் கணினியில் படத்தைத் திருப்புவார். மரம் நிமிரும். சாலையில் நடந்த மனிதர்கள் சாய்ந்துவிடுவார்கள்.

இந்த மரத்தின் சாய்வு தாவரவியலாளர்களையே வியக்க வைத்த ஒன்று. நியூ கலிடோனியாத் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட இதன் அறிவியற்பெயர் அரௌகாரியா கொலம்னாரிஸ். ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து 2017-ல் 'இக்கொலஜி' ஆய்விதழில் வெளியான கட்டுரை, சராசரிச் சாய்வு 8.55 பாகை என்று சொன்னது. சாயும் திசை பூமத்திய ரேகைப் பக்கம். வடகோளத்து மரம் தெற்கே சாய்கிறது, தென்கோளத்து மரம் வடக்கே சாய்கிறது. பூமத்திய ரேகையிலிருந்து விலக விலகச் சாய்வும் கூடுகிறது. ஏன் என்பதற்கு உறுதியான விடையை அந்த ஆய்வு தரவில்லை.

மரம் சாய்ந்ததா, கமரா சாய்ந்ததா? இந்தச் சாலையில் கண்ணை நம்பி இதற்குப் பதில் சொல்ல முடியாது. கொழும்பில் காலிமுகத் திடலில் நின்றால் கடலும் வானமும் சேரும் கோடு எதிரே இருக்கிறது. அதற்கு இணையாகக் கமராவைப் பிடித்தால் போதும். கண்டியில் அந்த வசதி இல்லை. நகரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் மலை. ஹந்தானைச் சரிவு ஒரு திசையில் இறங்கும், உடவத்தகலைக் காடு வேறு திசையில் ஏறும். நம் மூளை அந்தச் சரிவுகளில் ஒன்றைத் தரைமட்டமாக எடுத்துக்கொண்டு கையைத் திருப்பிவிடுகிறது. மலையகத்தில் எடுத்த படங்களில் இவ்வளவு சாய்வு காணப்படுவதற்குக் கை நடுக்கத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இங்கே நம்பத்தக்க ஒரே நடுவர் கமராவுக்குள்ளேயே இருக்கிறது. 2007-ல் வந்த நிக்கோன் டி3 கமராவில் 'வேர்ச்சுவல் ஹொரைசன்' என்ற பெயரில் இருந்த மின்னணு மட்டம், இன்று நடுத்தர விலைக் கமராக்களிலும் பல கைபேசிகளிலும் இருக்கிறது. இதன் உள்ளே வேலை செய்வது ஆர்முடுகல்மானி. சிலிக்கனில் செதுக்கிய மிக நுண்ணிய எடை ஒன்று, அதே சிலிக்கனால் ஆன மெல்லிய வில்களில் தொங்குகிறது. எடையின் விளிம்பிலும் அதைச் சுற்றிய சட்டத்திலும் சீப்புப் பற்களாக மின்தகடுகள் இருக்கின்றன. கமரா சாய்ந்தால் புவியீர்ப்பு எடையை ஒரு பக்கம் இழுக்கும், தகடுகளின் இடைவெளி மாறும், அதோடு மின்கொள்ளளவமும் மாறும். அந்த மாற்றத்தை அளந்து சாய்வைக் கணக்கிடுகிறார்கள். ஒரு பாகைச் சாய்வுக்குப் பக்கவாட்டில் கிடைக்கும் இழுவை புவியீர்ப்பில் 1.7 சதவீதம் மட்டுமே, அதையும் இந்தச் சில்லு உணர்ந்துவிடுகிறது. கட்டடம் கட்டுகிற மேசன் தூக்குக்குண்டை இறக்கிச் சுவரின் செங்குத்தைப் பார்ப்பதும் இதே புவியீர்ப்பை நம்பித்தான்.

பல கமராக்களில் அந்த மட்டம் இரண்டு சாய்வுகளைக் காட்டும். ஒன்று இடம் வலமாகச் சரிவது. மற்றது முன் பின்னாக, அதாவது கமராவின் முகம் மேலே அண்ணாந்தோ கீழே குனிந்தோ இருப்பது. பெரும்பாலானோர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவதில்தான் விஷயம் அதிகம். அதைப் பின்னர் சொல்கிறேன்.

இடம் வலச் சரிவைப் பிறகு கணினியில் திருத்திக்கொள்ளலாமே என்பார்கள். திருத்தலாம், விலை கொடுக்க வேண்டும். 3:2 அளவுள்ள படத்தை 2 பாகை திருப்பினால் நான்கு மூலைகளிலும் வெற்றிடம் விழும். அதை வெட்டி அதே வடிவில் எடுக்கும்போது படத்தின் பரப்பில் சுமார் 10 சதவீதம் போய்விடும். 5 பாகை திருப்பினால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போகும். பெரஹரா ஊர்வலத்தில் ஓரமாக நடந்த மேளகாரரின் முழங்கையோ, கோபுரத்தின் கலச நுனியோ அந்தப் பத்து சதவீதத்துக்குள் இருக்கலாம்.

மட்டத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். கமராவை மேசையில் வைத்து இடம் வலச் சாய்வு எவ்வளவு என்று பாருங்கள். பிறகு அதே இடத்தில் கமராவை 180 பாகை திருப்பி வைத்து மறுபடி பாருங்கள். மேசையின் சாய்வு இப்போது எதிர்ப்பக்கமாகக் காட்டும். இரண்டு முறையும் ஒரே பக்கமாக நிற்கும் சாய்வு கமராவின் பிழை. மேசன்மார் தங்கள் நீர்மட்டத்தைத் திருப்பிப் போட்டுப் பரீட்சிப்பது இதே முறையில்தான். சில கமராக்களின் மெனுவில் இந்தப் பிழையைத் திருத்தும் வசதி இருக்கிறது. இல்லாவிட்டால், தன் கமரா எந்தப் பக்கம் எவ்வளவு பொய் சொல்லும் என்று நினைவில் வைத்திருந்தால் போதும்.

ஓடும் ரயிலில் இந்த மட்டத்தை நம்பக்கூடாது. கண்டியிலிருந்து நாவலப்பிட்டி வழியாக மலையேறும் ரயில் வளைவில் திரும்பும்போது, உள்ளிருக்கும் சில்லு ஈர்ப்பையும் வளைவின் ஆர்முடுகலையும் பிரித்தறியாது. 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மட்டம் சுமார் 4 பாகை தவறாகக் காட்டும். ரயிலில் இருப்பவர் வெளியே நிமிர்ந்து நிற்கும் மின்கம்பத்தையோ கட்டடத்தின் மூலையையோ பார்த்துப் படம் எடுக்கட்டும்.

கண்டி ஏரிக்கரைக்கு வேறு சோதனை இருக்கிறது. 1807-ல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த ஏரி இது.  ஏரியை ஒட்டிய மதிலுக்கு மேக மதில் என்று பெயர். அதன் மேல்விளிம்பு அலை அலையாக ஏறி இறங்குவதால் மட்டம் பார்க்க உதவாது. நீர் மட்டமாகத்தானே இருக்கும், எதிர்க்கரையின் கோட்டைப் படத்தில் கிடையாக வைத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. எதிர்க்கரை நமக்கு நேர்குறுக்காக ஓடினால்தான் அந்தக் கோடு படத்தில் கிடையாக விழும். ஒரு முனை நமக்கு அருகிலும் மறுமுனை தொலைவிலும் இருந்தால், நீர் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் கரைக்கோடு படத்தில் சரிந்துதான் தெரியும். அதை வலிந்து கிடையாக்கினால் கரையிலுள்ள தலதா மாளிகை சாய்ந்துவிடும்.

நம்ப வேண்டியது பிரதிபலிப்பை. அசையாத நீரில் ஒரு பொருளின் பிம்பம் அந்தப் பொருளுக்கு நேர் கீழேதான் விழும். கரையில் இருக்கும் விளக்கையும் நீரில் அதன் பிம்பத்தையும் இணைத்து மனதில் ஒரு கோடு இழுத்தால் அது செங்குத்துக் கோடு. படத்தின் நடுப்பகுதியில் அந்தக் கோடு சட்டத்தின் பக்கவிளிம்புக்கு இணையாக இருந்தால் கமரா மட்டமாக இருக்கிறது. காற்று எழுமுன் விடியற்காலையில் ஏரிக்குப் போனால் மின்னணு மட்டமே இல்லாத பழைய கமராவிலும் இதைச் செய்யலாம்.

இனி முன் பின் சாய்வு. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் இராஜகோபுரம் 108 அடி, ஏறத்தாழ 33 மீட்டர். கீழே நின்று கமராவை அண்ணாத்திப் படம் எடுத்தால் கோபுரம் பின்னால் விழப்போவதுபோல் ஒடுங்கித் தெரியும். கோபுரம் இயல்பிலேயே மேலே குறுகும் கட்டடம், அண்ணாந்த கமரா அந்தக் குறுக்கத்தை மிகைப்படுத்திச் சிற்பியின் அளவுகளைக் கெடுக்கிறது. மென்பொருளில் இதை விரித்துச் சரிசெய்யலாம். ஆனால் விரிக்கப்படுவது மேல்பகுதி. மேல்நிலைச் சுதைச் சிற்பங்களுக்குத்தான் ஏற்கெனவே குறைந்த படப்புள்ளிகள் (பிக்சல்கள்) கிடைத்திருக்கும், அவையே இன்னும் இழுபட்டு மங்கும்.

கணக்குப் போட்டால் வழி தெரியும். முழுச்சட்டக் கமராவில் 24 மிமீ லென்ஸை மாட்டி, கமராவை நெடுக்காகப் பிடித்து, முன் பின் மட்டத்தைப் பூச்சியத்தில் வைத்தால், படத்தின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு மேலே சுமார் 37 பாகை வரை எட்டும். 33 மீட்டர் கோபுரத்தின் உச்சி அதற்குள் அடங்க 42 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கீழ்ப்பாதியில் தெருவும் தலைகளும் வரும், அதை வெட்டிவிடலாம். புள்ளிகள் பாதி போனாலும் கோபுரம் கோபுரமாக நிற்கும். மாசிமகத் தேர்த் திருவிழாவில் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும் நாளில் 42 மீட்டர் வெறும் வீதி கிடைக்காது, எதிர் மாடி ஒன்றில் இடம் பிடித்தால் தூரமும் குறையும்.

முன் பின் சாய்வு ஃபோகஸையும் தொடுகிறது, இதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. லென்ஸ் ஒன்று முழுத் தெளிவோடு காண்பது ஒரு தளத்தை மட்டும். கமராவின் முன்னே, உள்ளிருக்கும் சென்சருக்கு இணையாக நிற்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு தட்டையான தளம் அது. அதன் முன்னும் பின்னும் தெளிவு படிப்படியாகக் குறையும். ஃபோகஸ் செய்வது அந்தத் தளத்தை அருகிலோ தொலைவிலோ நிறுத்துவது. மட்டம் பார்ப்பது அந்தத் தளத்தை நிமிர்த்துவது. இரண்டும் ஒரே தளத்தின் வேலை.

எம்பக்கே தேவாலயத்துக்குப் போனால் இது புரியும். கண்டிக்குத் தென்மேற்கே உள்ள அந்தக் கதிர்காமத் தெய்வத்தின் ஆலயத்தில், மேளமண்டபத்து மரத்தூண்களில் மல்லர்களும், பின்னிய கழுத்து அன்னங்களும், இருதலைப் பறவையும், பிள்ளைக்குப் பாலூட்டும் தாயும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அரை மீட்டர் தூரத்திலிருந்து 50 மிமீ லென்ஸில், எஃப் 2.8 திறப்பில், முப்பது சென்டிமீட்டர் உயரமுள்ள செதுக்கலை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். தெளிவின் ஆழம் மொத்தமே ஒன்றரை சென்டிமீட்டர். கமரா 10 பாகை குனிந்திருந்தால் செதுக்கலின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் தெளிவுத் தளத்திலிருந்து தலா 2.6 சென்டிமீட்டர் விலகிவிடும். நடு அன்னம் கூராக இருக்கும், மேலும் கீழும் குழையும். எஃப் 8-க்குப் போனாலும் கிடைக்கும் ஆழம் சுமார் 4 சென்டிமீட்டர்தான், தேவைப்படுவதோ 5-க்கு மேல். கமராவைத் தூணுக்கு இணையாக நிமிர்த்தினால் எஃப் 2.8-லேயே முழுச் செதுக்கலும் தெளியும். மண்டபத்தின் மங்கல் ஒளியில் அது பெரிய இலாபம்.

தூரத்தைக் கமரா எப்படிக் கண்டுபிடிக்கிறது? இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. பழைய சிறு கமராக்கள் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, படத்தின் விளிம்புகள் எப்போது மிகக் கூர்மையாகின்றன என்று தேடும். உச்சத்தைத் தாண்டிய பிறகுதான் உச்சம் எது என்று தெரியும், அதனால் திரும்பி வர வேண்டும். லென்ஸ் உறுமிக்கொண்டு போய் வருவது அதனால்தான். இரண்டாவது வழி, லென்ஸின் இடப்பாதி வழியே வந்த காட்சியையும் வலப்பாதி வழியே வந்த காட்சியையும் ஒப்பிடுவது. விரலை முகத்துக்கு எதிரே நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறுவதுபோல, ஃபோகஸ் பிசகியிருந்தால் இரண்டு காட்சிகளும் விலகி நிற்கும். விலகலின் திசையும் அளவும் தெரிந்தால் லென்ஸை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்துவது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். 1985-ல் மினோல்டா 7000 இந்த முறையை எஸ்எல்ஆர் கமராவின் உடலுக்குள் வைத்து வெற்றி கண்டது. 2013-ல் கெனன் ஈஓஎஸ் 70டி சென்சரின் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டாகப் பிளந்து, படமெடுக்கும் சென்சரிலேயே இந்த ஒப்பீட்டைச் செய்தது. இன்றைய கண்ணாடியற்ற (மிரர்லெஸ்) கமராக்களில் பெரும்பாலானவை சென்சரிலேயே இந்த ஒப்பீட்டைச் செய்கின்றன.

இதிலிருந்து வெளியில் உதவும் சில உண்மைகள் கிடைக்கின்றன. புள்ளி இடம் வலமாகப் பிளக்கப்பட்டிருந்தால் நெடுக்குக் கோடுகளின் விலகல்தான் நன்றாகத் தெரியும். கிடைக்கோடுகள் மட்டுமே உள்ள இடத்தில், ஓட்டுக்கூரையின் தாழ்வாரம், படிக்கட்டு, மின்கம்பி போன்றவற்றில், கமரா தடுமாறலாம். அப்போது கமராவை நெடுக்காகத் திருப்பி, பொத்தானைப் பாதி அழுத்தி ஃபோகஸைப் பிடித்துக்கொண்டு, பழையபடி கிடையாக்கி எடுங்கள். ஹந்தானையில் மூடுபனி இறங்கும்போது ஒப்பிட ஒன்றுமே இருக்காது. வெண்மைக்குள் கமரா எதைப் பிடிக்கும்? பனியைக் கிழித்துத் தெரியும் மலைமுகட்டின் விளிம்பு, தேயிலைச் செடிகளுக்கிடையே நிற்கும் நிழல்மரத்தின் தண்டு என ஏதாவது ஒரு கோட்டை, நீங்கள் எடுக்க நினைக்கும் பொருளின் தூரத்திலேயே தேடிக்கொடுக்க வேண்டும்.

கடுமையான சோதனை எசல பெரஹராதான். ஆடி ஆவணியை ஒட்டிய இரவுகளில் தலதா மாளிகையின் ஊர்வலத்தோடு நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினித் தேவாலயங்களின் ஊர்வலங்களும் சேர்ந்து வருகின்றன. பத்தினி நம் கண்ணகிதான். கொப்பரை எரியும் பந்தங்களின் ஒளியில் யானையின் கருந்தோலில் கமராவுக்குப் பிடிப்புக் கிடைக்காது. ஃபோகஸ் புள்ளியைச் சிறிதாக்கி, முகபடாம் தோலோடு சேரும் விளிம்பில் வையுங்கள். துணியின் சரிகையும் தோலின் கருமையும் சேரும் இடம் கூர்மையான எல்லை, யானையின் கண்ணும் அதற்கு அருகிலேயே இருக்கும். பந்தத்தின் மேல் புள்ளியை வைக்காதீர்கள், சுடர் ஆடுவதோடு உச்ச ஒளியில் விளிம்பும் கரைந்துவிடும். எஃப் 1.8 லென்ஸ் எஃப் 4 லென்ஸைவிட ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும். படத்துக்கு மட்டுமல்ல, ஃபோகஸ் ஒப்பீட்டுக்கும் அந்த ஒளி வேண்டும். யானையும் நடனக்காரரும் நம்மை நோக்கி வந்துகொண்டே இருப்பதால் தொடர்ஃபோகஸ் முறைதான் சரி. ஒருமுறை பிடித்து நிறுத்தும் முறையில், நீங்கள் பொத்தானை முழுதாக அழுத்துவதற்குள் அவர் அரை அடி வந்துவிடுவார். முகம் அடையாளம் காணும் வசதி கூட்டத்தில் பார்வையாளரின் முகத்தைத் தேர்ந்துவிடக்கூடும், அந்த இரவில் அதை நிறுத்திவைப்பது நல்லது.

முகத்தை அருகிலிருந்து எடுப்பவர்களுக்குப் பழைய பழக்கம் ஒன்று உண்டு. நடுப்புள்ளியில் கண்ணைப் பிடித்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடி கமராவைத் திருப்பிச் சட்டத்தை அமைப்பது. தூரப் பொருளுக்கு இதில் கேடில்லை. ஒரு மீட்டரில் 50 மிமீ, எஃப் 1.8 என்றால் கேடு உண்டு. கமராவை 15 பாகை திருப்பும்போது தெளிவுத் தளமும் கூடவே திரும்பிக் கண்ணுக்கு 3.4 சென்டிமீட்டர் பின்னே போய்விடும். கண்ணுக்கு இருந்த சலுகை 2 சென்டிமீட்டர்தான். கண் மங்கி, காது தெளியும். புள்ளியையே கண்மேல் நகர்த்திவிட்டுச் சட்டத்தைத் தொடாமல் எடுப்பதே முறை.

பேராதனைச் சாலைக்கு இதற்கு எதிரான தேவை. அருகிலுள்ள வேரும் தூரத்து முனையும் ஒன்றாகத் தெளிய வேண்டும். 24 மிமீ லென்ஸில் எஃப் 8 வைத்து, 2.4 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை ஏற்கத்தக்க தெளிவு வரும். முடிவிலியில் ஃபோகஸ் செய்தால் முன்னே 2.4 மீட்டருக்குள் உள்ளவை வீணாகும். எஃப் 16-க்குப் போனால் இன்னும் கூடுமே என்று எண்ண வேண்டாம். அவ்வளவு சிறு துளையில் ஒளி வளைந்து பரவும், ஒரு புள்ளியின் பிம்பம் 21 மைக்ரோமீட்டர் வட்டமாகும். 24 மெகாபிக்சல் முழுச்சட்ட சென்சரின் புள்ளியோ 6 மைக்ரோமீட்டர்தான்.

தெளிவு ஒன்றே அழகு என்று நான் சொல்லவில்லை. ஜூலியா மார்கரெட் கமரன் 1875-ல் இலங்கைக்கு வந்து 1879-ல் இங்கேயே மறைந்தார், பொகவந்தலாவைக் கிறிஸ்தவத் தேவாலய முற்றத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார். ஒளிப்பட வரலாற்றின் மாபெரும் முகப்படக்காரர்களில் ஒருவர். லென்ஸைத் திருப்பிக்கொண்டு வரும்போது காட்சி தனக்கு அழகாகத் தோன்றிய இடத்தில் நிறுத்திவிடுவதாக எழுதியவர். அவர் படங்களின் குழைவு அவரே தேர்ந்த குழைவு. தளத்தை எங்கே நிறுத்துகிறோம் என்று அறிந்தவருக்குத்தான் அதைத் தள்ளி நிறுத்தும் உரிமையும் கைவரும்.

பல கமராக்களை வாங்கும்போதே மட்டம் திரையில் தெரியாது. தகவல் பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்தினாலோ மெனுவில் தேடினாலோ வரும். கூடவே, பார்வைத்துளையின் பக்கத்தில் உள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி உள்ளே தெரியும் எழுத்துகள் உங்கள் கண்ணுக்குக் கூராகும்வரை சரிசெய்யுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் பலர் அந்தச் சக்கரம் இருப்பதையே அறியாமல், தெளிவாக இருக்கும் படத்தை மங்கல் என்று நினைக்கிறார்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களையும், லயத்து வீடுகளையும், எம்பக்கேயின் தூண்களையும் இன்று படமெடுத்து வைப்பவர்கள் நாளைக்கு ஆவணம் சேர்க்கிறார்கள். அடுத்த மாசிமகத்துக்கோ பெரஹராவுக்கோ போவதற்கு முன் மேசையில் கமராவைத் திருப்பி வைத்து அந்த மட்டத்தை ஒரு தடவை சோதித்துவிட்டுப் போங்கள்.